ட்ராலியைத் தொட்டவர்கள்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசிக்க வேண்டியது ஒன்றுமில்லை. நான் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் "சரிம்மா, சரிம்மா" என்பாய். நீ காதை மூடிக்கொண்டாய் என்பதற்கு அதுதான் அடையாளம். உன் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். சாவகாசமாகப் படி. படித்து முடிக்கும்வரை உன் பார்ட்னரிடம் எதுவும் ஒப்புக்கொள்ளாதே.

நீ கேட்டது இதுதான். ஓசூரில் நீங்கள் இருவரும் ஆரம்பிக்கும் கம்பெனிக்கு முப்பது பேருக்கு மேல் வேலைக்கு வரப்போகிறார்கள். எல்லோருடைய சம்பளமும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தின் வரம்புக்கு மேலே போய்விடுவதால் மருத்துவக் காப்பீட்டை நீங்களே வெளியில் வாங்க வேண்டும். ஏஜென்ட் இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஒன்றில் வேலை செய்கிறவருக்கு மட்டும் வைத்தியம். மற்றதில் அவருடைய வீட்டில் இருப்பவர்களுக்கும், வயதான தாய் தகப்பனுக்கும் சேர்த்து. இரண்டாவதற்குக் கட்டணம் கூட. உன் பார்ட்னர், "அவங்கவங்க அப்பா அம்மா அவங்கவங்க பிரச்சினை. இல்லாதவங்களுக்கு இப்ப அரசாங்கமே கார்டு குடுக்குது" என்கிறார். நீ இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கிறாய். அடுத்த வாரம் கையெழுத்துப் போட வேண்டும். அந்த முப்பது வீட்டுப் பெரியவர்கள் உள்ளே வருவதும் வெளியே நிற்பதும் உன் கையெழுத்தில் இருக்கிறது. "நீங்கள்லாம் விருத்தாசலத்துல என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டாய்.

நாங்கள் ஒரு கூத்துப் பண்ணினோம். அப்போது நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தால் தூங்குவாய், சாப்பிடுவாய், மறுபடி தூங்குவாய். யூனிட் பக்கம் தலைகாட்டினால் பீங்கான் மாவு சட்டையில் ஒட்டும் என்று வரமாட்டாய். அதனால் உனக்கு இது தெரியாது.

முதலில் முதலாளி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், நீ இப்போதுதான் அந்தக் கூட்டத்தில் சேருகிறாய். நம்முடையது பியூஸ் கட்டை செய்கிற சின்ன யூனிட். கரண்ட் மீட்டர் பலகையில் வெள்ளையாக இருக்குமே, அதுதான். வெளி ஆர்டர் பார்ப்பது அப்பா, உள்ளே ஆட்களையும் சாமானையும் பார்ப்பது நான். தொழிற்பேட்டையில் நம்மைப் போல இன்னும் சில யூனிட்டுகள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய சூளை. அவரவர் சாமானைத் தண்டவாளத்தில் ஓடும் ட்ராலியில் அடுக்கி உள்ளே தள்ள வேண்டும். சட்டம் என்ன செய்யும் என்றால், தலையை எண்ணும். ஒரு எண்ணிக்கைக்கு மேல் ஆள் வைத்தால் அவர்களுக்கு வைத்தியக் காப்பீட்டுக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். ஆகவே பேட்டையில் எந்த யூனிட்டில் போய்க் கேட்டாலும் ஆட்களின் எண்ணிக்கை அதற்கு ஒன்று குறைவாக இருக்கும். மிச்சப் பேர் யார் என்று கேட்டால் "சாப்பாடு கொண்டாந்தவங்க", "சும்மா பாக்க வந்த பொண்ணு". நாங்களும் அப்படித்தான் சொன்னோம். பீங்கான் மாவு பூசிய கையோடு சும்மா பார்க்க வந்த பெண்களை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

யாருக்காவது உடம்புக்கு வந்தால் முதலாளியின் மனசைப் பொறுத்தது. பொம்மை யூனிட் வைத்திருந்த ஜோசப் அண்ணன் தானே மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். மின்கம்பத்துக்கான பெரிய இன்சுலேட்டர் செய்த தட்சிணாமூர்த்தி, "நாளைக்கு வரவேணாம், நல்லா ஆன பொறவு வா" என்பார். அது கருணை என்றுதான் அவர் நம்பினார். நான் இருவருக்கும் நடுவில். ஆர்டர் நன்றாக இருந்தால் நல்லவள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காப்பீட்டு ஏஜென்ட் பேட்டைக்கு வந்தார். எல்லா யூனிட்டும் சேர்ந்து ஒரே பாலிசியாக எடுத்தால் மலிவு என்றார். சூளைக்குப் பக்கத்தில் இருக்கும் டீக்கடையில் கூடினோம். ஏஜென்ட் பேசியது எல்லோருக்கும் பிடித்தது, ஒரு இடம்வரை. "ஆளுங்க பேரெல்லாம் எழுதிக் குடுத்துடுங்க" என்றதும் எல்லோரும் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டோம். பேர் எழுதினால் சும்மா பார்க்க வந்தவர்களையும் எழுத வேண்டும். எழுதினால் தலை எண்ணிக்கை வெளியே வந்துவிடும்.

தட்சிணாமூர்த்தி, "ஏங்க, கட்டுற பணத்துக்கு ஆஸ்பத்திரி எங்க இருக்குதுன்னே தெரியாது, இதுல நம்மளே பேர எழுதிக் குடுத்து மாட்டிக்கணுமா?" என்றார். ஜோசப் அண்ணனுக்கு வேறு கஷ்டம். "எங்கிட்ட நவராத்திரிக்கு முன்ன நாப்பது பொம்பளைங்க இருப்பாங்க. கிறிஸ்மஸ் குடில் பொம்ம முடிஞ்சா நாலு பேரு. நான் எந்த மாசத்து ஆள எழுதறது?" ஏஜென்ட் பாவம், வருஷத்துக்கு ஒரு பட்டியல்தான் என்று சொல்லிவிட்டு டீக்குக் காசும் அவரே கொடுத்துவிட்டுப் போனார்.

ட்ராலி யோசனை என்னுடையது. கெட்டிக்காரத்தனம் என்று நினைக்காதே, சோம்பேறித்தனம். தலையை எண்ணாமல் காரியம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். சூளைக்குள் யாருடைய ட்ராலி எத்தனை போனது என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதில் ஒளிக்க முடியாது. உள்ளே போகும் ஒவ்வொரு ட்ராலிக்கும் ஒரு சின்னத் தொகையைப் பொதுவில் போடுவோம், ஆட்களுக்கு உடம்புக்கு வந்தால் அதிலிருந்து கொடுப்போம் என்றேன். ஆள் அதிகம் வைத்திருக்கும் ஜோசப் அண்ணனுக்கு அதில் லாபம். பொம்மை ட்ராலிகள் கொஞ்சம், கைகள் நிறைய. தட்சிணாமூர்த்திக்கு நஷ்டம். இன்சுலேட்டர் இடத்தை அடைக்கும், ஆட்கள் குறைவு. அவர் சும்மா விடவில்லை. "அவரு பொம்மைக்கு நான் மாத்திர வாங்கணுமா?" என்று கேட்டார். காப்பீடு என்றால் அதுதான் தம்பி, ஒருவர் பொம்மைக்கு இன்னொருவர் மாத்திரை. கடைசியில் அவரும் சம்மதித்ததற்குக் காரணம், அவருடைய ஆள் ஒருவனுக்கு அந்த வாரம் மெஷினில் விரல் நசுங்கியிருந்தது.

விதி ஒரே வரி. அந்த மாதம் சூளைக்குள் போன ட்ராலியில் யார் கைபட்ட சாமான் இருக்கிறதோ, அவருக்கு வைத்தியம். பேர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், கை போதும். இதைவிட நேர்மையான விதி இல்லை என்று எனக்கு அப்போது பெருமை. ஃபண்டுப் பணத்தை வைத்துக்கொள்ளும் பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள். ஜோசப் அண்ணனிடம் கொடுத்தால் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுவார், தட்சிணாமூர்த்தியிடம் கொடுத்தால் யாருக்கும் கொடுக்கமாட்டார். விரல் நசுங்கினவனுக்குக் கொடுத்தோம். ஒரு பிரசவம், ஒரு மஞ்சள் காமாலை, சில காய்ச்சல்கள். ஒரு வருஷம் போல எந்தச் சண்டையும் இல்லை.

அப்புறம் ஒருநாள் நம் யூனிட் கொளஞ்சி என்னிடம் வந்தாள். ஹாஸ்டலுக்குப் போகுமுன் பார்த்திருக்கிறாய், முகம் ஞாபகம் இருக்கும், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். பியூஸ் கட்டையைச் சூளைக்கு அனுப்புமுன் பளபளப்புக்காக கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கும் வேலை அவளுடையது. ஒரு நொடி கூடினால் வழிந்து ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் சொரசொரப்பாக வரும். அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இரண்டு பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டது அவளுடைய மாமனார் வேலாயுதம். ஜங்ஷனில் ரயில்வே கேன்டீனில் சமையல் பார்த்து ஓய்ந்தவர். காலையில் சமைத்து, பிள்ளைகளுக்குத் தலை சீவி, ஸ்கூலில் விட்டு, மருமகளுக்கு டிபன் கட்டிக் கொடுத்து அனுப்புவார். பேட்டையிலேயே நல்ல சாப்பாடு கொளஞ்சியின் டிபன் பாக்ஸில்தான் இருக்கும். அதிலிருந்து நானே எடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

"மாமாவுக்கு கொடல் எறங்கியிருக்குதாம்மா. ஆப்பரேசன் பண்ணணும்னு டாக்டரு சொல்லிட்டாங்க. வெயிட்டு தூக்கவே கூடாதாம். பண்டுல கேட்டுப் பாருங்கம்மா" என்றாள்.

மறுபடி டீக்கடையில் கூடினோம். நான் பேசியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இன்று உன் பார்ட்னர் பேசுவதும் அதுவே. பணம் கொஞ்சம்தான் இருக்கிறது. மாமனாருக்குக் கொடுத்தால் மற்றவர்களின் மாமியாருக்குக் கொடுக்க வேண்டும். பேட்டையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் வீட்டில் வயதானவர் இருக்கிறார், வயதானவருக்குத்தான் உடம்புக்கு அதிகம் வரும். நாளைக்கு இங்கே ஒருவனுக்குக் கை போனால் பெட்டியில் ஒன்றும் இருக்காது. ஆகவே வேலை செய்கிறவருக்கு மட்டும். இதில் எந்த வரியும் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதையே பேசுவேன். தட்சிணாமூர்த்தி முதல்முறையாக என்னைப் பாராட்டினார். ஜோசப் அண்ணன் மட்டும், "பாவம்மா அந்தாளு, நல்லா சமைப்பாரு" என்றார். அது ஒரு காரணமா என்று நாங்கள் சிரித்தோம். "நீயே போயி பக்குவமா சொல்லிடு தங்கச்சி" என்று சொல்லும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் பஸ் ஏறிப் போனேன். கொளஞ்சி லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அந்தப் பெரியவர் அடுப்படியில் நின்றபடி கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு கொதிக்க விட்டிருந்தார். ஒரு கை கரண்டியில், இன்னொரு கை அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு.

"வாங்கம்மா. கை கழுவிட்டு ஒக்காருங்க. கொளஞ்சி, எல போடு."

"இல்லீங்க, நான் சாப்ட்டுத்தான் வந்தேன்."

"சாப்ட்டு வந்த மொகம் மாதிரி இல்லியே."

உட்கார்ந்துவிட்டேன். சொல்லிவிட்டுச் சாப்பிடலாமா, சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாமா என்று தெரியவில்லை. குழம்பு வந்தது, ரசம் வந்தது. இரண்டாவது முறை சாதம் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு ருசி. அதுவரை பேச்சு எல்லாம் மழையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும்தான். அப்புறம் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பெரியவரே, பண்டுல உங்களுக்கு எடமில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"நீங்களும் இருந்தீங்களா அங்க?"

"இருந்தேன்."

"நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"நானும் அதத்தான் சொன்னேன்."

"சரிம்மா" என்றார். "மோர் ஊத்தட்டா?"

எனக்கு வெட்கமாக இருந்தது, தம்பி. அவர் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே மோர் ஊற்றத்தான் கேட்டார். மோரையும் குடித்தேன். கை கழுவும்போது, "அந்த ரூலு என்னான்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். யார் கைபட்ட சாமான் ட்ராலியில் போகிறதோ அவருக்கு என்றேன். தலையாட்டிக்கொண்டார். கொளஞ்சி வாசல்வரை வந்து, "போயிட்டு வாங்கம்மா" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த ட்ராலி அடுக்கும் நாள் காலையில் சூளைக்குப் போனால் அங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்ததுபோல் கூட்டம். வேலாயுதம் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னால் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஜோசப் அண்ணன் யூனிட் பெண்களின் அம்மாக்கள், மாமியார்கள், காலில் கட்டுப் போட்ட ஒரு புருஷன், இருமிக்கொண்டே ஒரு தாத்தா. விஷயம் எப்படிப் பரவியதோ! நல்லூரிலிருந்துகூட ஒரு அம்மா பஸ் பிடித்து வந்திருந்தார். எல்லோரும் ஒழுங்காக வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு பொம்மையையோ பியூஸ் கட்டையையோ எடுத்து ட்ராலியில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். கண்ணில் பூ விழுந்த ஒரு பாட்டி பிள்ளையாரைத் தலைகீழாக வைத்துவிட்டார். ஜோசப் அண்ணன், "ஐயோ ஆயா, தும்பிக்க ஒடஞ்சிடும்!" என்று கத்திக்கொண்டு ஓடினார். கை பட்டுவிட்டது. விதி விதிதான். எனக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

வேலாயுதம் முறை வந்தது. அவர் ஒரு கட்டையை எடுக்கவில்லை. கட்டைகள் வரிசையாக அடுக்கிய பலகையை, வாலிபப் பையன்கள் தோளில் தூக்கும் பலகையை, இரண்டு கையாலும் தூக்கினார்.

"அத வுடுங்க! ஒன்னே ஒன்னு வச்சா போதும்!" என்று கத்தினேன்.

"ஒன்னு வச்சா பிச்ச கேட்ட மாதிரி இருக்கும்மா. பலகையோடவே வைக்கிறேன்."

இரண்டு எட்டு வைத்திருப்பார். முகம் வெளுத்துவிட்டது. பலகையைக் கீழே போட்டால் கட்டைகள் உடையுமே என்று, போடாமல் அப்படியே நின்றார். கொளஞ்சி, "மாமா, மாமா" என்றாளே தவிர அவளுக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்தில் தன் ட்ராலியைப் பார்த்துக்கொண்டிருந்த தட்சிணாமூர்த்திதான் ஓடிவந்து பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து அதை ட்ராலியில் ஏற்றினார்கள். பெரியவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தட்சிணாமூர்த்திக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பெரியவர்மேல் இல்லை, எங்கள்மேல். "இந்த மனுசன் இங்கியே செத்து வச்சாருன்னா யாருங்க பதில் சொல்றது? என்னா எழவு ரூலு போட்டு வச்சிருக்கீங்க! இந்தக் கூத்து நிக்கணும்னா ஆளுக்கு ஒருத்தரு, வூட்டுலேருந்து ஒரே ஒருத்தருன்னு வச்சித் தொலைங்க. அதுக்கு மேல ஒரு பூனக்குட்டி வரக்கூடாது. எனக்கு வேல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் பேட்டையின் காப்பீட்டுச் சீர்திருத்தம் இப்படித்தான் வந்தது. யாரும் அன்பினால் செய்யவில்லை. ஒரு மனிதருக்கு எரிச்சல் வந்தது, அவ்வளவுதான். அன்று மத்தியானமே வேலாயுதத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஆளுக்கு ஒருவர் என்று சொல்லியாகிவிட்டது. யார் அந்த ஒருவர்? புருஷனா, அம்மாவா, பிள்ளையா? அதை நாமே தீர்மானிக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டேன்: "நீ தெனம் வேலைக்கு வரணும்னா வூட்டுல யாரு நல்லா இருக்கணும்?" சுயநலமான கேள்விதான். எனக்கு வேலைக்கு ஆள் வர வேண்டும். ஆனால் பதில்களைக் கேட்டபோது இத்தனை வருஷம் இவர்களோடு என்ன வேலை செய்தேன் என்று இருந்தது. கல்யாணமாகாத ஒரு பையன் பக்கத்து வீட்டு அக்காவைச் சொன்னான், அவள்தான் அவனுக்குச் சோறு. ஒரு பெண் புருஷன் பேரைச் சொல்ல மறுத்துவிட்டாள். "அந்தாளு தெம்பா இருந்தா நான் அடி வாங்கிக்கினுதாம்மா வரணும்" என்று தங்கச்சி பேரைச் சொன்னாள். ஒருவன் அம்மா என்றான், மறுநாள் வந்து பெண்டாட்டி என்றான், அதற்கு மறுநாள் மறுபடி அம்மா. வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கொளஞ்சி, "இதுல கேக்க என்னம்மா இருக்குது?" என்றாள். உன் அப்பா என்னிடம், "நீ யார் பேரச் சொல்லுவ?" என்று கேட்டார். முதலாளிக்கு ஃபண்டில் இடமில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

இதனால் எல்லாம் சுகமாகிவிட்டது என்று எண்ணாதே. ஜோசப் அண்ணனிடம் இருந்த ஒரு பெண் தன் அம்மா பேரைச் சொல்லியிருந்தாள். படுத்தது அவள் குழந்தை. ஒருவர்தான் என்று சொல்லிவிட்டோம். எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்பார். ஜோசப் அண்ணன் தன் கையிலிருந்து கொடுத்தார், ஆனாலும் அந்தப் பெண் இன்றுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவள் பேசாததில் நியாயம் இருக்கிறது.

முதலாளிகளுக்கு ஒரு நினைப்பு உண்டு. ஆள் என்றால் கேட்டுக்குள் நுழையும்போது ஆரம்பித்து வெளியே போகும்போது முடிந்துவிடுகிற ஒன்று என்று. அந்த ஆளை யாரோ எழுப்பி, சோறு போட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சம்பளம் கொடுப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் நம் யூனிட்டில் ஆட்கள் லீவு போட்டது பெரும்பாலும் தங்கள் உடம்புக்காக இல்லை. கொளஞ்சி வராத அந்த நாட்களில் வேறு பெண்ணை கிளேஸ் முக்க வைத்தேன். கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சூளையிலிருந்து வெளியே வந்தன. வேலாயுதம் படுத்ததால் என் சாமான் வீணானது என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கொளஞ்சி லீவு போடுகிறாளே என்றுதான் அவள்மேல் எரிச்சல்பட்டேன்.

ஃபண்டும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு யூனிட்டாகச் சொந்தமாக கேஸ் சூளை வைத்துக்கொண்டார்கள். பொதுச் சூளைக்குப் போகும் ட்ராலிகள் குறைந்தன, பெட்டியும் காலியானது. யாரும் கூடிப் பேசி மூடவில்லை. ஒருநாள் தட்சிணாமூர்த்தி, "என்னாம்மா, இன்னும் அந்தப் பொட்டிய வச்சிருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது, அல்லது எனக்கு அப்படிப் பட்டது.

இனி உன் பார்ட்னர் சொல்லும் அரசாங்க கார்டு. இந்த வருஷம் நம் ஊரிலும் முகாம் போட்டுக் குடும்பத்தோடு போட்டோ எடுத்தார்கள். வேலாயுதமும் போய் நின்றிருக்கிறார். போன மாதம் கடைத்தெருவில் பார்த்தேன். "இப்ப நான் எதையும் தூக்க வேணாமாம்மா. மொகத்தக் காட்டுனா போதும்னாங்க" என்று சொல்லிச் சிரித்தார். நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். ஆனால் அதில் எந்தெந்த நோய்க்கு உண்டு என்று ஒரு வரையறை இருக்கிறது, எந்த வருமானத்துக்குள் என்றும் இருக்கிறது. உன் ஆட்களின் தாய் தகப்பனில் எத்தனை பேர் அதற்குள் வருவார்கள் என்று உன் பார்ட்னர் விசாரித்தாரா? விசாரிக்காமல் சொன்னால் அது யோசனை இல்லை, சாக்கு.

இரண்டில் எதை வாங்கு என்று நான் சொல்லப்போவதில்லை. உன் கையில் என்ன இருக்கிறது, கம்பெனி முதல் வருஷத்தைத் தாண்டுமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கம்பெனி மூழ்கிவிட்டால் இரண்டு திட்டமும் சேர்ந்துதான் மூழ்கும். ஆட்களுக்கு மட்டும் போதும் என்று நீ முடிவு செய்தாலும் நான் உன்னைத் திட்டமாட்டேன். நானும் ஒருநாள் அதே முடிவைச் சொன்னவள்தான்.

ஒன்று மட்டும் செய். அப்படி முடிவு செய்தால் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டாதே, ஏஜென்ட்டைவிட்டுச் சொல்லச் சொல்லாதே, கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பிவிடாதே. உன் ஆட்களில் வயதான அப்பாவோ அம்மாவோ கூட இருக்கும் ஒருவருடைய வீட்டுக்கு மத்தியான வேளையில் போ. பார்ட்னரையும் கூட்டிக்கொண்டு போ. உட்காரச் சொல்வார்கள், சாப்பிடச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லாதே, இலையில் உட்கார். இரண்டாவது முறை சாதம் வாங்கிக்கொள். அப்புறம் அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்து, இதில் உங்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு வா.

அம்மா